சுவரைவிடக் கண்ணாடி அதிகம்

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய கட்டடத்தைப் பாதுகாப்பது என்றால் இடிக்காமல் விடுவது, விரிசலைப் பூசுவது, கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்வது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இங்கிலாந்தில் டார்பிஷர் மாவட்டத்தில் ஒரு குன்றின் மேல் நிற்கும் ஹார்ட்விக் மாளிகையில் சிக்கல் வேறு மாதிரி. வெளிச்சத்துக்காகவே கட்டிய வீடு அது. இன்று அதற்குள் இருப்பவற்றைக் காப்பாற்ற அந்த வெளிச்சத்தைத்தான் மறைக்க வேண்டியிருக்கிறது.

கட்டியவர் எலிசபெத் டால்பட், ஷ்ரூஸ்பரி சீமாட்டி. 'ஹார்ட்விக் பெஸ்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அதே ஹார்ட்விக்கில் பெரிய வசதியில்லாத நிலக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். நான்கு முறை மணம் செய்து, நான்கு கணவர்களையும் இழந்து, கடைசியில் நாட்டின் பெரும் பணக்காரப் பெண்களில் ஒருவராக ஊர் திரும்பினார். 1590இல் வேலை தொடங்கியபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. 1597இல் குடிபுகுந்தார். மாளிகையை வடிவமைத்தவர் ராபர்ட் ஸ்மித்சன் என்பது ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட முடிவு. கல் வேலையில் தொழில் பழகி மேலே வந்தவர் அவர்.

கல்லைக் குன்றின் சரிவிலேயே வெட்டினார்கள். மரம், ஈயம், இரும்பு, கண்ணாடி எல்லாம் பெரும்பாலும் அந்த அம்மாளின் சொந்த நிலங்களிலும் பட்டறைகளிலும் கிடைத்தவை. கண்ணாடி மிக விலை உயர்ந்த சரக்காக இருந்த காலம் அது. முகப்பைப் பார்த்தால் கல் சட்டங்களுக்கு நடுவே கண்ணாடி, கண்ணாடி, மறுபடியும் கண்ணாடி. "ஹார்ட்விக் மாளிகை, சுவரைவிடக் கண்ணாடி அதிகம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு சொலவடையே உண்டு.

சரி, வெளிச்சுவர் முழுக்க ஜன்னல் என்றால் பாரத்தை எது தாங்குகிறது? குளிர் நாட்டில் அறைக்கு அறை கணப்பு வேண்டும். அந்தக் கணப்புகளின் புகைபோக்கி எங்கே போகும்? அதுவரை பெரும்பாலும் வெளிச்சுவரில் நின்ற புகைபோக்கிகளை ஸ்மித்சன் வீட்டின் உள்ளே ஓடும் தடித்த சுவர்களுக்குள் கொண்டுபோனார். பாரத்தின் பெரும்பங்கும் அந்தச் சுவர்களுக்கே போனது. வெளிப்பக்கம் ஜன்னலுக்கு விடுதலை. இந்த வீட்டின் மூளை அந்த முடிவில்தான் இருக்கிறது என்பேன். முகப்பின் ஒழுங்கு கெடக்கூடாது என்பதற்காகச் சில இடங்களில் பொய் ஜன்னலும் வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடி, பின்னால் புகைபோக்கி.

நீள்சதுரமான கட்டடம், ஆறு கோபுரங்கள். கோபுரத் தலைகளில் கல்லில் குடைந்த இ, எஸ் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள், வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்கின்றன. எலிசபெத் ஷ்ரூஸ்பரி. மேலே சீமாட்டிக்குரிய சிறு கிரீடம். எத்தனையோ மைல் தள்ளி வருகிறவனுக்கும் இது யார் வீடு என்று தெரிந்துவிடும்.

உள்ளே நுழைந்ததும் வரும் கூடத்தையும் கவனிக்க வேண்டும். அதற்கு முந்தைய இங்கிலாந்துப் பெரிய வீடுகளில் கூடம் முகப்புக்கு இணையாகக் கிடக்கும். வாசல் ஒரு ஓரத்தில் இருக்கும். ஹார்ட்விக்கில் கூடத்தை அப்படியே திருப்பி, முன்பக்கம் தொடங்கிப் பின்பக்கம் வரை நடுவில் ஓடவிட்டார்கள். வாசல் நட்டநடுவில் வந்தது. வலமும் இடமும் ஒன்றுபோல் அமைந்தன.

கூடத்திலிருந்து ஒரு கல் படிக்கட்டு இருட்டிலும் வெளிச்சத்திலுமாக வளைந்து வளைந்து மேலே போகிறது. கீழே பணியாளர்கள், நடுவில் குடும்பம், உச்சியில் விருந்தினரை வரவேற்கும் பெருங்கூடங்கள். மேலே போகப் போக ஜன்னல்கள் உயர்கின்றன, மரியாதையும் கூடுகிறது. உச்சித் தளத்தின் பெருங்கூடத்தில் சுவரின் மேல்பகுதி முழுக்க வண்ணம் பூசிய சுதைக் காடு. மரங்களுக்கு நடுவே வேட்டைத் தெய்வம் டயானா. பக்கத்திலேயே சுமார் 50 மீட்டர் நீளமுள்ள நெடுங்கூடம்.

அந்த நெடுங்கூடத்துக்குத்தான் நான் வர நினைத்தேன். அதன் சுவரில் பைபிளில் வரும் வீரன் கிதியோனின் கதையைச் சொல்லும் 13 நெய்த சித்திரத் திரைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 6 மீட்டர் உயரம். கிறிஸ்டோபர் ஹேட்டன் என்ற அரசவைப் பிரமுகருக்காக நெய்தவை. அவர் இறந்த பிறகு, 1592இல் பெஸ் அவற்றை வாங்கினார். திரைகளில் ஹேட்டனின் குலச்சின்னம் இருந்தது. அதை மாற்றச் செலவாகும் என்று பேரம் பேசி 5 பவுண்டு குறைத்துக்கொண்டார்! பிறகு தன் சின்னத்தைத் துணியில் தீட்டி மேலே தைக்கவைத்தார். ஹேட்டனுடைய பெண்மானுக்குக் கொம்பு வைத்து, தன் பிள்ளைகளின் கேவண்டிஷ் குடும்பச் சின்னமான கலைமான் ஆக்கிவிட்டார்.

வீடு பிற்பாடு அதே கேவண்டிஷ் குடும்பத்தின் டெவன்ஷர் பிரபுக்களுக்கு வந்தது. அவர்கள் பெரும்பாலும் சாட்ஸ்வர்த் மாளிகையில் வசித்ததால் ஹார்ட்விக்கைப் புதுப்பாணிக்கு மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. அதுவே அதற்கு அதிர்ஷ்டமாகிவிட்டது. 1950இல் பத்தாவது பிரபு இறந்தபோது வந்த பெரும் மரண வரிக்கு ஈடாக வீடு அரசின் கைக்குப் போய், 1959இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் வந்தது. இன்று அது முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. அனுமதியில்லாமல் அதன் தன்மையை மாற்றும் எந்த வேலையும் செய்ய முடியாது.

ஆனால் பட்டியல் வெயிலைத் தடுக்காது. வெயிலில் காயப்போட்ட சாயச் சேலைக்கு நடப்பதே அந்தத் திரைகளுக்கும் நடக்கிறது. பச்சை என்பது மஞ்சள் சாயமும் நீலச் சாயமும் சேர்ந்தது. மஞ்சள் முதலில் போய்விடும். அதனால்தான் பழைய திரைகளில் மரங்கள் நீலமாகத் தெரிகின்றன. போன நிறத்தை மீட்க வழியில்லை. அழுக்கெடுத்து, பின்துணி கொடுத்து, கிழிசலைத் தைத்து வலுவாக்கலாம். அப்படி 13 திரைகளையும் செப்பனிட்டு முடிக்க 24 ஆண்டுகள் ஆயின. 2023இல்தான் கடைசித் திரை சுவருக்குத் திரும்பியது.

அதனால் ஜன்னல்களில் மறைப்புகளை இறக்கிவைக்கிறார்கள். மங்கலாக இருக்கிறதே என்று பார்க்கவருகிறவர்களுக்குக் குறை. கட்டடக்கலையை நேசிக்கிறவன் என்ற முறையில் எனக்கும் அது வலிக்கத்தான் செய்கிறது. ஸ்மித்சன் நினைத்த அறை அதுவல்ல. இருந்தாலும் மறைப்பை இறக்குகிறவர்கள் பக்கமே நான் நிற்கிறேன். மறைப்பை என்றைக்கு வேண்டுமானாலும் ஏற்றிக்கொள்ளலாம். சாயம் போனால் போனதுதான்.

போக வாய்ப்புக் கிடைக்கிறவர்கள் நெடுங்கூடத்தில் நுழைந்ததும் கண் பழகும் வரை சில நிமிடம் நில்லுங்கள். பிறகு திரைகளின் ஓரத்தில் அந்தக் கொம்பு வைத்த மானைத் தேடுங்கள். வெளியே வந்து, மேற்கு முகப்பை மாலை வெயிலில் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

நன்றி, வணக்கம்.