தோளில் ஒரு கை

நேயர்களுக்கு வணக்கம். அரசியல் வன்முறையை இன்றைய புகைப்படக் கலைஞர்களும் காணொளிக் கலைஞர்களும் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பேசச் சொன்னார்கள். இதில் எனக்கு ஒரே பிடிவாதம்தான். கொடுமையை நேரே காட்டாத படம்தான் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைக்கிறது.

1983 ஜூலையில், தமிழர்களுக்கு எதிரான வன்செயலின்போது, கொழும்பு பொறளையில் சந்திரகுப்த அமரசிங்க எடுத்த படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். உடுப்புக் களையப்பட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழர், சுற்றிலும் சிரிக்கும் இளைஞர்கள். அது சாட்சி. அது இருக்கத்தான் வேண்டும். மறைக்கச் சொல்லவே மாட்டேன். ஆனால் ஜூலை வந்தால் கைபேசிக்குக் கைபேசி அது வருகிறது, விரல் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறது.

சில வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு ஸ்டூடியோவில் நின்றிருந்தேன். வன்னியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படம் அவரிடம் ஒன்றே ஒன்று, அதுவும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் எடுத்த குழுப்படம். மகனை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி லமினேட் செய்து தர வேண்டும், போராட்டத்தில் பிடிப்பதற்கு. வெட்டியபோது மகனின் தோளில் பக்கத்துப் பையனின் கை மட்டும் மிஞ்சியது. "இந்தக் கையை எடுத்துவிடட்டா அம்மா?" என்று ஸ்டூடியோத் தம்பி கேட்டார்.

"விடுங்கோ தம்பி. அது அவன்ர சிநேகிதன்ர கை. அந்தப் பிள்ளையையும் தேடினம்."

அந்த அம்மா எந்தக் கலைக்கூடத்துக்கும் போயிருக்க மாட்டார். ஆனால் சட்டகத்துக்குள் எது நிற்க வேண்டும் என்று அவர்தான் முடிவு செய்தார். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுக் கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் தாய்மார் தொடங்கிய போராட்டத்தின் படங்களைப் பார்க்கும்போது, முகங்களோடு ஓரங்களையும் பாருங்கள். ஒரு சேலை முனை, ஒரு கதிரைக் கைபிடி, யாரோ ஒருவரின் விரல்கள். நான் அங்கேதான் அதிக நேரம் நிற்கிறேன்.

ஆர்ஜென்டினாவில் 1976இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. புகைப்படக் கலைஞர் குஸ்தாவோ ஹெர்மானோவின் அண்ணன் எதுவார்தோ அந்த ஆண்டே காணாமல் ஆக்கப்பட்டார். முப்பது வருடம் கழித்து ஹெர்மானோ என்ன செய்தார்? இப்படி ஆட்களை இழந்த குடும்பங்களின் பழைய படங்களை எடுத்தார். எஞ்சியவர்களை அதே இடத்தில், அதே மாதிரி நிற்க வைத்து மறுபடி படம் பிடித்தார். இல்லாதவரின் இடத்தை அப்படியே வெறுமையாக விட்டார். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினார். எஞ்சியவர்களுக்கு நரை விழுந்திருக்கிறது. பழைய படத்தில் இருப்பவருக்கு இன்னும் அதே வயது. இரத்தம் எங்கும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு படங்களுக்கு நடுவில் நம் கண் போய்ப் போய் வருகிறது, விலக முடிவதில்லை.

சிலி நாட்டவரான அல்பிரெடோ ஹார் இன்னும் ஒரு படி போனார். 1994இல், இனப்படுகொலை நடந்த ருவாண்டாவுக்குப் போய் ஏராளமான படங்கள் எடுத்தார். அடுத்த வருடம் அவற்றைக் கறுப்புப் பெட்டிகளுக்குள் வைத்து மூடிவிட்டார். உள்ளே இருப்பது என்ன படம் என்று மூடியின் மேல் எழுத்தில் மட்டும் இருக்கும். வாசிக்கத்தான் முடியும். மரியாதை என்று நான் சொல்வது இதைத்தான்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். காணொளிக்கென்று வைத்திருந்த பகுதி அப்படியே நிற்கிறது. சரி, ஒன்றை மட்டும் சொல்கிறேன். டெல்லிக் கலைஞர் அமர் கன்வார் 2007இல், இந்தியா-பாகிஸ்தான் பிரிவினைக் காலம் முதல் இந்தத் துணைக்கண்டத்துப் பெண்கள் மீது நடந்த வன்முறையை ஒரே அறையில் எட்டுத் திரைகளில் ஓடவிட்டார். அங்கே ஒரு மரமும் நெய்த துணியும்கூடச் சாட்சி சொல்கின்றன. ஒரு திரையைப் பார்க்கும்போது இன்னொன்று தப்பிவிடும், அதனால் திரும்பவும் முதலிலிருந்து உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மீதியைப் பேச இன்னொரு நாள் கிடைத்தால் வருகிறேன். நன்றி, வணக்கம்.