அவன் அழவே இல்லையே!

எல்லோருக்கும் வணக்கம்.

திரையில் ஒரு வீடு. வாசலில் போலீஸ் கட்டிய மஞ்சள் நாடா. அந்த வீட்டுப் பெண்ணைக் காணவில்லை, அல்லது அவர் இறந்து கிடக்கிறார். கணவர் நிருபர்கள் முன்னால் நின்று பேசுகிறார். குரல் சீராக இருக்கிறது, கண் கலங்கவில்லை. நிகழ்ச்சி தொடங்கி நாலு நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் இந்தப் பக்கம் சோபாவிலிருந்து ஒரு குரல் வரும்: “இவன்தான். பாரு, அவன் அழவே இல்லையே!”

பல வருடம் அந்தக் குரல் என்னுடையதாக இருந்தது. என் அக்காவுடையதும்தான். நாங்கள் இரண்டு பேரும் விடாமல் பார்த்த நிகழ்ச்சி ‘ஃபாரன்சிக் ஃபைல்ஸ்’. உண்மையான குற்ற வழக்குகளில் தடயத்தை ஆய்வு செய்து ஆளை எப்படிப் பிடித்தார்கள் என்று காட்டும் தொடர். உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். 1996-இல் அமெரிக்காவில் டி.எல்.சி. சேனலில் ‘மெடிக்கல் டிடெக்டிவ்ஸ்’ என்ற பெயரில் தொடங்கி, 2011 வரை சுமார் 400 பகுதிகள் வந்தன. விளம்பரத்தோடு சேர்த்து ஒவ்வொன்றும் அரை மணி நேரம். பீட்டர் தாமஸ் பின்னணியில் கதை சொல்வார். பதற்றமே இல்லாத குரல். எவ்வளவு கொடூரமான விஷயத்தையும் நம் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாக எடுத்துச் சொல்வது போல இருக்கும். 2016-இல் அவர் காலமாகிவிட்டார். இன்றும் மறு ஒளிபரப்பில் அந்தக் குரலைக் கேட்டபடியே தூங்கிப்போகிறவர்கள் ஏராளம். கொலைக் கதை கேட்டால் தூக்கம் வருமா? வரும். கடைசியில் ஆளைப் பிடித்துவிடுவார்கள் என்று நமக்கு முதலிலேயே தெரியுமே.

இந்த நிகழ்ச்சிகளைப் பார்க்கிறவர்களை, அதிலும் பெண்களை, “இதையெல்லாம் எப்படித்தான் பார்க்கிறீர்களோ” என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது எனக்குப் பிடிப்பதில்லை. 2010-இல் அமண்டா விகாரி, கிறிஸ் ஃப்ரேலி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். உண்மைக் குற்றக் கதைகள்மேல் ஆண்களைவிடப் பெண்களுக்கு ஈர்ப்பு அதிகம் என்று கண்டார்கள். அதோடு, பாதிக்கப்பட்டவர் எப்படித் தப்பித்தார் என்ற தகவல் இருக்கும் கதையைத்தான் பெண்கள் கூடுதலாக விரும்பித் தேர்ந்தெடுத்தார்கள். அதாவது அவர்கள் பாடம் படிக்கிறார்கள். எங்கே கவனமாக இருக்க வேண்டும், எந்த அறிகுறியை விட்டுவிடக் கூடாது என்று பார்க்கிறார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் எழுந்து போய்க் கதவுத் தாழ்ப்பாளை இன்னொரு முறை பார்த்துவிட்டு வருகிற அக்காவை நான் எத்தனையோ இரவு பார்த்திருக்கிறேன். அந்தப் பயத்தில் கேலி செய்ய எதுவும் இல்லை.

சரி, நான் சொல்ல வந்தது அந்த இன்னொரு குரலைப் பற்றி. “அவன் அழவே இல்லையே” என்ற குரல்.

ஒருநாள் நாங்கள் பார்த்த பகுதியில், வழக்கம்போலக் கணவரை முதல் நிமிடத்திலேயே பிடித்துக்கொண்டோம். அவர் உட்கார்ந்த விதம் சரியில்லை, சிரித்த மாதிரி இருந்தது, சட்டை ரொம்பச் சுத்தமாக இருக்கிறது என்று திட்டித் தீர்த்தோம். கடைசி ஐந்து நிமிடத்தில் மரபணுப் பரிசோதனை முடிவு வந்தது. கொன்றவர் வேறு ஆள். கணவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. டிவியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. அப்புறம் அக்கா கேட்டாள்: “அந்த மனுஷன்கிட்ட யாராவது மன்னிப்பு கேட்டிருப்பாங்களா?”

அந்தக் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. போலீஸ் மன்னிப்புக் கேட்டிருக்குமா, அக்கம்பக்கத்தார் கேட்டிருப்பார்களா என்பது ஒரு பக்கம். நாங்கள் இருவரும் அரை மணி நேரமாக அவரைக் கொலைகாரன் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். மனைவியைப் பறிகொடுத்த ஒரு மனிதரை.

முகத்தைப் பார்த்து உண்மை, பொய்யைக் கண்டுபிடிக்க முடியும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். சார்லஸ் பாண்ட், பெல்லா டிபௌலோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் அதுவரை வந்திருந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். 24,000-க்கும் மேற்பட்டவர்களின் கணிப்புகள் அதில் இருந்தன. சரியாகக் கணித்தது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வரும். இதை நான் முதலில் படித்தபோது நம்பவில்லை. அடுத்து வந்த சில வாரங்கள், நிகழ்ச்சி தொடங்கியதும் என் கணிப்பை ஒரு தாளில் எழுதிவைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு நம்பினேன்.

துக்கம் எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. சிலர் உறைந்துபோவார்கள். சிலர் சம்பந்தமில்லாமல் சிரித்துவிடுவார்கள். சிலர் காரியங்களை வரிசையாகச் செய்துகொண்டே போவார்கள், மாதக்கணக்கில் கழித்துத்தான் உடைந்து அழுவார்கள். இது நமக்குத் தெரியாததில்லை. நம் உறவில் ஒருவர் அப்படி இருந்தால் “பாவம், அதிர்ச்சியிலேயே இருக்கார்” என்கிறோம். திரையில் அறிமுகமில்லாத ஒருவர் அப்படி இருந்தால் உடனே சந்தேகம் வந்துவிடுகிறது.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. கணவர்மேல் சந்தேகம் வருவதற்குக் காரணமே இல்லாமல் இல்லை. ஐ.நா. மதிப்பீட்டின்படி 2023-இல் உலகம் முழுவதும் சுமார் 85,000 பெண்களும் சிறுமிகளும் வேண்டுமென்றே கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் துணைவராலோ குடும்பத்தினராலோ கொல்லப்பட்டவர்கள். அதனால் விசாரணை அதிகாரி முதலில் வீட்டுக்குள் பார்ப்பது சரிதான், பார்த்தே ஆக வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு ஒரு அதிகாரிக்கு எங்கே தேடத் தொடங்குவது என்று மட்டும்தான் சொல்லும். இந்த வீட்டில், இந்த இரவில் என்ன நடந்தது என்பதை அது சொல்லாது. அதைச் சொல்லத்தான் கார்ப்பெட் இழையும் ரத்தத் துளியும் வேண்டியிருக்கிறது.

இந்தத் தொடரின் முதல் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கனெக்டிகட் மாநிலத்தில் 1986 நவம்பரில் ஒரு விமானப் பணிப்பெண் காணாமல் போனார். கணவர் விமானி. உடல் கிடைக்கவில்லை. ஆனால் பனிப்புயல் அடித்த நேரத்தில், நள்ளிரவு தாண்டி, மரக்கிளைகளைத் தூளாக்கும் இயந்திரம் ஒன்று ஏரிப் பக்கம் நின்றதைப் பனி அள்ளும் வண்டி ஓட்டுநர் ஒருவர் பார்த்திருந்தார். அந்த இடத்தில் மண்ணையும் பனியையும் சலித்துத் தேடினார்கள். 2,660 முடி இழைகள், எலும்புத் துணுக்குகள், ஒரு விரல் நகம், செயற்கை உறை போட்ட ஒரு பல். எல்லாவற்றையும் சேர்த்தாலும் உள்ளங்கையில் அடங்கிவிடும். கணவர் அந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுத்த பதிவு கிடைத்தது. பல்லை அந்தப் பெண்ணின் பல் மருத்துவப் பதிவுகளோடு ஒப்பிட்டு உறுதி செய்தார்கள்.

பார்க்கும் நமக்கு எல்லாம் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. ஆனால் 1988-இல் நடந்த முதல் விசாரணையில் ஜூரி, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழு, ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஒருவர் மட்டும் உடன்படவில்லை. மறுபடி புதிய ஜூரி முன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எடுத்துவைத்து, 1989-இல்தான் குற்றவாளி என்று தீர்ப்பானது. மூன்று வருடம். நாம் அரை மணி நேரத்தில் பார்த்துவிடுகிறோம். அந்த மூன்று வருடமும் அந்தப் பெண்ணின் உறவினர்கள் எப்படி நாளைக் கடத்தினார்கள் என்பது அரை மணி நேரத்துக்குள் அடங்குவதில்லை.

இந்த வழக்கில் நம் யூகம் சரியாக இருந்தது, கணவர்தான். ஆனாலும் அவரைச் சிறைக்கு அனுப்பியது அவர் முகம் இல்லை, சலித்தெடுத்த அந்தத் துணுக்குகள்.

இதே காலத்தில் இங்கிலாந்தில், லெஸ்டர்ஷயரில், இரண்டு சிறுமிகளின் கொலை வழக்கு நடந்தது. 17 வயதுப் பையன் ஒருவன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டுவிட்டான். வாக்குமூலமே இருக்கிறது, இனி என்ன என்று யாரும் நினைப்பார்கள். லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரீஸ் அதற்குச் சில வருடம் முன்புதான், 1984-இல், மரபணு அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்திருந்தார். அவரிடம் மாதிரிகளைக் கொடுத்தார்கள். இரண்டு கொலையையும் செய்தது ஒரே ஆள், அந்த ஆள் இந்தப் பையன் இல்லை என்று முடிவு வந்தது. உண்மையான குற்றவாளிக்கு 1988-இல் தண்டனை கிடைத்தது. குற்ற வழக்கில் மரபணுப் பரிசோதனை செய்த முதல் பெரிய வேலை ஒரு நிரபராதியைக் காப்பாற்றியதுதான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். கொலையைக் கண்டுபிடிக்கும் அறிவியல் என்றுதான் நாம் இதைப் பார்க்கிறோம். அந்தப் பையனின் தாயிடம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்.

அப்படியானால் முகத்தை விட்டுவிட்டுத் தடயத்தை மட்டும் நம்பினால் போதுமா? போதும் என்றுதான் நானும் கொஞ்ச காலம் நினைத்தேன். அமெரிக்காவில் நடந்த அரிசோனா வழக்கைப் படிக்கும் வரை.

ஒரு மதுக்கூடத்தில் வேலை பார்த்த பெண் கொல்லப்பட்டிருந்தார். உடலில் பல் தடம். அங்கே வந்துபோகிற ஒருவருக்குப் பல்வரிசை கொஞ்சம் கோணல். அவரைத் தெர்மாகோலில் கடிக்கச் சொல்லி, அந்தத் தடத்தை உடலில் இருந்ததோடு ஒப்பிட்டார்கள். நிபுணர் வந்து இரண்டும் ஒன்றுதான் என்று சாட்சி சொன்னார். 1992-இல் அவருக்கு மரண தண்டனை விதித்தார்கள். ஊடகங்கள் அவருக்குக் கோணல்பல் கொலைகாரன் என்று பெயரே வைத்தன. மறு விசாரணையில் இரண்டாவது ஜூரியும் குற்றவாளி என்றே சொன்னது. பத்து வருடம் கழித்து, 2002-இல், மரபணுப் பரிசோதனை அவர் இல்லை என்று காட்டியது. அது பொருந்திய ஆள் வேறொரு குற்றத்துக்காக ஏற்கெனவே சிறையில் இருந்தான்.

யோசித்துப் பாருங்கள். அங்கே ஆய்வு செய்ததாகச் சொல்லிக்கொண்டு கடைசியில் பார்த்ததும் ஒரு மனிதரின் முகத்தைத்தானே! பல் கோணல் என்பதுதானே தொடக்கம்! “அவன் அழவே இல்லையே” என்ற அதே குரல்தான் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது.

இது எங்கேயோ ஒரு இடத்தில் நடந்த தவறில்லை. மைக்ரோஸ்கோப்பில் முடியை ஒப்பிட்டுச் சொன்ன சாட்சியங்களை அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. திரும்பப் பரிசீலித்து 2015-இல் முடிவை வெளியிட்டது. குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராக அந்தச் சாட்சியம் பயன்பட்ட 268 விசாரணைகளைப் பார்த்ததில், 257-இல் நிபுணர்கள் அறிவியல் அனுமதிக்கும் எல்லையைத் தாண்டிப் பேசியிருந்தார்கள். அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 2009-லேயே எச்சரித்திருந்தது: மரபணுப் பரிசோதனையைத் தவிர வேறு எந்த முறைக்கும், ஒரு தடயத்தை ஒரு குறிப்பிட்ட ஆளோடு உறுதியாக இணைக்கும் திறன் உண்டு என்று கறாராக நிரூபிக்கப்படவில்லை என்றது. நாம் மறு ஒளிபரப்பில் பார்ப்பவற்றில் நிறைய 1980, 90-களின் வழக்குகள். முடி ஒப்பீடும் பல் தடமும் கொடிகட்டிப் பறந்த காலம் அது. நிகழ்ச்சி மறுபடி மறுபடி வருகிறது. பின்னால் வந்த அறிக்கைகள் அதோடு சேர்ந்து வருவதில்லை.

ஜூரி முறை உள்ள நாட்டில், இப்படிப் பார்த்துப் பழகிய ஒருவர் எந்த நாளும் நீதிமன்றத்தில் உட்கார நேரலாம். மிச்சிகனில் நீதிபதி டொனால்ட் ஷெல்டன் 2006-இல் ஜூரிக்கு அழைக்கப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தார். எல்லாக் குற்ற வழக்கிலும் ஏதாவது ஒரு அறிவியல் சாட்சியம் இருக்கும் என்று 46 சதவீதம் பேர் எதிர்பார்த்தார்கள். எல்லா வழக்கிலும் மரபணுச் சாட்சியம் வேண்டும் என்று 22 சதவீதம். ஆனால் எதிர்பார்ப்பு அதிகம் என்பதற்காக அவர்கள் சும்மா விடுதலை செய்துவிடப் போகிறவர்களாகவும் தெரியவில்லை. பார்வையாளரை ரொம்பவும் குறைத்து மதிப்பிட வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் என்னை இன்னும் உறுத்துகிறது. நிகழ்ச்சியில் மாதிரி எடுத்த அடுத்த காட்சியில் முடிவு வந்துவிடும். 2009-இல் டெட்ராய்ட்டில் போலீஸ் கிடங்கு ஒன்றில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடமிருந்து எடுத்த பரிசோதனைப் பெட்டிகள் 11,000-க்கும் மேல் கிடந்தன. பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பெட்டிக்குப் பின்னாலும் ஒரு பெண் இருக்கிறார். நடந்த கொடுமை போதாதென்று பல மணி நேரப் பரிசோதனையையும் பொறுத்துக்கொண்டு, அந்தத் தடயம் தனக்கு நியாயம் வாங்கித் தரும் என்று நம்பிக் கொடுத்துவிட்டுப் போனவர். அவர்களில் எத்தனையோ பேர் இதே நிகழ்ச்சியைப் பார்த்துத்தான் அந்த நம்பிக்கையைப் பெற்றிருப்பார்கள். நம் கோபத்தைக் கணவரின் முகத்தில் செலவழிப்பதற்குப் பதில் அந்தக் கிடங்கின் கதவில் போய்க் காட்டலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏன் இவ்வளவு தாமதம், பரிசோதனைக் கூடத்துக்கு ஏன் பணம் இல்லை, இந்த முறையை யார் சரிபார்த்தார்கள் என்று கேட்கலாம். அதைக் கேட்கும் அளவுக்கு இந்த நிகழ்ச்சிகள் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கின்றன.

நாங்கள் இன்னும் பார்க்கிறோம், விடவில்லை. போன வாரம்கூட ஒரு கணவர் திரையில் வந்தார். கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பழக்கதோஷத்தில் நான் வாயைத் திறந்துவிட்டேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “பொறுடா. லேப் ரிப்போர்ட் வரட்டும். வந்ததும், அதை யார் பார்த்தாங்க, எப்படிப் பார்த்தாங்கன்னு கேட்போம்.”

நன்றி, வணக்கம்.