சாவி ஒருத்தர்கிட்ட, நம்பர் இன்னொருத்தர்கிட்ட

எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை தேக்கா மார்க்கெட் பக்கம் போகாம பேங்க் விஷயம் கேக்க வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம்.

நான் பேங்க்ல சேர்ந்த புதுசுல காசு வைக்கிற ரூம் சாவி என்கிட்ட, பூட்டு நம்பர் கூட வேலை பாத்த அக்காகிட்ட, ரெண்டு பேரும் நின்னாத்தான் கதவு தொறக்கும். அக்கா லேட்டா வந்தா நான் சாவியோட சும்மா நிப்பேன், எரிச்சலா வரும். அது எதுக்குன்னு 1995-லதான் உறைச்சுது.

பேரிங்ஸ் பேங்க், 1762-ல லண்டன்ல ஆரம்பிச்சது. அதைச் சாய்ச்சது அங்க வேலை பாத்த நிக் லீசன், அவரு உக்காந்து வேலை பாத்தது நம்ம சிங்கப்பூர்ல. சைமெக்ஸ்ங்கிற சிங்கப்பூர் சந்தையில வாங்கி விக்கிறதும் அவரு, அதைக் கணக்குல ஏத்துற ஆளுங்களுக்கு மேலயும் அவரு, சாவியும் நம்பரும் ஒரே ஆள்கிட்ட இருந்த மாதிரி. நஷ்டத்தையெல்லாம் 88888-ங்கிற அக்கவுண்ட்ல போட்டு மறைச்சாரு, லண்டன்காரங்க கேட்ட பணத்தை அனுப்பிக்கிட்டே இருந்தாங்க, யாரும் குடைஞ்சு கேக்கல. ஜனவரி 17 கோபேல நிலநடுக்கம், ஜப்பான் மார்க்கெட் விழுந்துச்சு, விட்டதைப் பிடிக்கணும்னு இன்னும் இன்னும் வாங்கினாரு. 827 மில்லியன் பவுண்ட் போச்சு. அவ்வளவு பழைய பேங்க்கை ஐஎன்ஜி-ங்கிற நெதர்லாந்து கம்பெனி ஒரே ஒரு பவுண்டுக்கு வாங்கிச்சு. எனக்கு இன்னைக்கும் மனசு ஆறல.

கடன் திரும்பி வராதது எல்லாருக்கும் தெரிஞ்ச ஆபத்து, அதை விடுங்க. யாரும் திருடாமலே பேங்க் விழும். அமெரிக்காவுல சிலிக்கான் வேலி பேங்க் டெபாசிட் காசை நீண்டகால பாண்டுல, அதாவது கடன் பத்திரத்துல போட்டுச்சு, வட்டி ஏறினதும் பாண்டு விலை இறங்கிடுச்சு, விஷயம் பரவி 2023 மார்ச் 9 ஒரே நாள்ல காசு போட்டவங்க 42 பில்லியன் அமெரிக்க டாலரைத் திருப்பிக் கேட்டாங்க, மறுநாள் பேங்க் மூடியாச்சு. முன்னாடி வாசல்ல வரிசை நிப்பாங்க, இப்ப போன்லயே முடிஞ்சிடுது.

நம்ம ஊர்ல பேங்க் விழுந்தா ஒருத்தருக்கு ஒரு பேங்க்ல 1,00,000 வெள்ளி வரைக்கும் டெபாசிட் இன்ஷூரன்ஸ் இருக்கு. ஆனா ஸ்கேம்காரன்கிட்ட ஓடிபி சொல்லிட்டா அதுக்கு இந்த இன்ஷூரன்ஸ் கிடையாது, இதைத் தயவுசெஞ்சு வீட்ல சொல்லுங்க. அம்மா அப்பா போன்ல டிரான்ஸ்ஃபர் லிமிட்டைக் குறைங்க, பெரிய தொகையைப் பூட்டி வைக்கிற வசதி இருக்கு, பூட்டிட்டா ஆன்லைன்ல எடுக்க முடியாது. ஸ்கேமோன்னு சந்தேகம் வந்தா அதுக்கான உதவி நம்பர் 1799-க்கு அடிங்க. எப்படிப் பண்றதுன்னு தெரியாதவங்க பேச்சு முடிஞ்சதும் வாங்க. போனை என்கிட்டயும் குடுக்காதீங்க, பக்கத்துல நின்னு சொல்றேன், நீங்களே அமுக்குங்க.