மஞ்சப் பையில் இரண்டு அட்டை

நேயர்களுக்கு வணக்கம். முப்பது வருஷம் அரசு மருத்துவமனை மருந்துக் கவுன்டரில் நின்றவன் நான். இன்றைக்கு அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பெயர் பழக்கமில்லாமல் இருக்கலாம். உங்கள் வீட்டில் அதை 'நரம்பு மாத்திரை', 'ராத்திரி மாத்திரை' என்று சொல்லிக்கொண்டிருப்பீர்கள். சர்க்கரையால் வரும் பாத எரிச்சல், அக்கி ஆறிய பிறகும் விடாத வலி, ஒற்றைத் தலைவலி, மனச்சோர்வு என்று பலதுக்கும் இதை எழுதுகிறார்கள்.

ஒரு அம்மா. இட்லிக் கடை வைத்திருந்தவர், அறுபது வயதிருக்கும். "உள்ளங்கால்ல மிளகா அரைச்சுப் பூசுன மாதிரி எரியுது தம்பி"ன்னு மாசாமாசம் வருவார். ஒரு தடவை மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. விடியற்காலை பாத்ரூம் போக எழுந்தவர் நிலைப்படியிலேயே விழுந்திருக்கிறார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறதாம், நாலு நாளாக வெளிக்குப் போகவில்லையாம், காலை பத்து மணி வரை தூக்கம் கலையவில்லையாம்.

"மாத்திரையெல்லாம் காட்டுங்கம்மா" என்றேன். மஞ்சப் பையைக் கவிழ்த்தார். ஒரு அட்டை, சர்க்கரை டாக்டர் எரிச்சலுக்குக் கொடுத்தது: பிரீகாபலினும் நார்ட்ரிப்டிலினும் சேர்ந்த மாத்திரை. இன்னொரு அட்டை, தலைவலிக்கு வேறொரு டாக்டர் எழுதியது: அமிட்ரிப்டிலின் 25 மில்லிகிராம். கம்பெனி வேறு, நிறம் வேறு. ஆனால் நார்ட்ரிப்டிலினும் அமிட்ரிப்டிலினும் ஒரே குடும்பம். நாம் விழுங்கும் அமிட்ரிப்டிலினை நம் கல்லீரலே நார்ட்ரிப்டிலினாக மாற்றுகிறது. அந்த அம்மா தெரியாமலே ஒரே வேலையைச் செய்யும் மருந்தை இரட்டிப்பாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு டாக்டர்கள் மேலும் தப்பில்லை. ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். சர்க்கரை டாக்டருக்கு அப்போதே போன் போட்டேன். இரண்டில் ஒன்றைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தச் சொன்னார். அடுத்த மாதம் அந்த அம்மா யார் கையையும் பிடிக்காமல் நடந்து வந்தார்.

அதனால்தான் போகிற இடமெல்லாம் இதையே சொல்கிறேன்: கம்பெனி வைத்த பெயரை மட்டும் பார்க்காதீர்கள். அட்டையில் மருந்தின் பெயரும் இருக்கும், அதைப் பாருங்கள். படிக்கத் தெரியாவிட்டால் பையோடு எடுத்துப் போங்கள். எந்த டாக்டரிடம் போனாலும், பல் டாக்டராக இருந்தாலும், பையோடு போங்கள்.

இன்னொன்றும் அடிக்கடி நடக்கும். பிள்ளைகள் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது டிப்ரஷன் மாத்திரை, உனக்கு எதுக்கு?" என்று நிறுத்திவிடுவார்கள். 1961-இல் அமெரிக்காவில் மனச்சோர்வுக்கான மருந்தாகத்தான் இது வந்தது. வலியையும் அடக்குகிறது என்பது பிறகு தெரிந்தது. மூளையிலிருந்து தண்டுவடம் வழியாகக் கீழே இறங்கி வலியைத் தணிக்கும் நரம்புப் பாதை ஒன்று நம் எல்லோருக்கும் உண்டு. அதற்கு இந்த மருந்து வலு சேர்க்கிறது. மனசு நன்றாக இருப்பவருக்கும் வலி குறையும். வலிக்குப் பொதுவாக 10 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். மனச்சோர்வுக்கு அதைவிடப் பல மடங்கு தேவைப்படும். மனச்சோர்வுக்கு இப்போது முதலில் வேறு மருந்துகளைத்தான் தருகிறார்கள். ஆகவே "எனக்கு இது எதுக்கு டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். மனச்சோர்வுக்கு என்றே சொன்னாலும் அதில் கூச்சப்பட என்ன இருக்கிறது?

சாப்பிட ஆரம்பித்தால் சங்கடங்கள் முதலில் வரும், குணம் பிறகுதான் தெரியும். வாய் வறட்சி, மலச்சிக்கல், தூக்கக் கலக்கம் எல்லாம் முதல் வாரத்திலேயே வரும். வலி குறைய இரண்டு மூன்று வாரம், மனசு தெளிய நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம். பலர் நடுவிலேயே விட்டுவிடுகிறார்கள். படுக்கும்போது போட்டுக் காலையில் மந்தமாக இருந்தால், எட்டு மணி வாக்கிலேயே போடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எழும்போது கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் உட்காருங்கள், பிறகு நில்லுங்கள். ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால்தான் அந்த அம்மா விழுந்தார். மறுபடியும் சொல்கிறேன், ஒரு நிமிஷம் உட்காருங்கள்.

குணமாகிவிட்டது என்று ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். குமட்டல், தலைவலி, தூக்கமின்மை வரும். டாக்டர் சொல்லும் கணக்கில் வாரக்கணக்காகக் குறைக்க வேண்டும்.

இந்த மாத்திரை அளவு மீறினால் இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். பூட்டி வையுங்கள். குழந்தை ஒன்றிரண்டை வாயில் போட்டுக்கொண்டால், நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும், காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மனச்சோர்வுக்குச் சாப்பிடுபவர் இருக்கும் வீட்டில் மாதக்கணக்கில் வாங்கிக் குவிக்க வேண்டாம். இளவயதுக்காரர் என்றால் முதல் சில வாரம் கூடவே இருங்கள். படபடப்பு, 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு வந்தால் உடனே டாக்டரிடம் போங்கள். 14416 என்ற எண்ணில், அதாவது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்ணில், எந்த நேரமும் பேசலாம்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். தலைவலியைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், முடியவில்லை. இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம், மாரடைப்பு, வலிப்பு இவற்றில் எது இருந்தாலும், கர்ப்பமாக இருந்தாலும், முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மது கூடாது. டிரமடால் என்ற வலி மாத்திரையையோ, தூக்கம் வரவைக்கும் சளி மாத்திரையையோ கேட்காமல் சேர்க்காதீர்கள். வணக்கம்.