அரசியல் அறிவியல் மாணவர் எதைக் கற்றுக்கொள்கிறார்?

நேயர்களுக்கு வணக்கம்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளிவந்து, கலை அறிவியல் கல்லூரிகளுக்கு மாணவர்கள் விண்ணப்பித்துவரும் இந்த நாட்களில், இளங்கலை அரசியல் அறிவியல் படிப்பைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் என்னை அழைத்திருக்கிறார்கள். கல்லூரியில் பல ஆண்டுகளாக இந்தப் பாடத்தை நடத்திவருகிறேன். சேர்க்கைக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்பார்கள். இதைப் படித்தால் பிள்ளை கட்சி, கூட்டம் என்று போய்விடுமா என்பது ஒன்று. படித்து முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கவலைகளே. ஆயினும் அந்த மூன்று ஆண்டுகளில் மாணவர் உண்மையில் எதைக் கற்றுக்கொள்கிறார் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. இன்றைய உரையில் அதைத்தான் விளக்க விரும்புகிறேன்.

அன்றாடச் செய்திகளைக் கேட்கும் எவருக்கும் அரசியலைப் பற்றி ஒரு கருத்து இருக்கும். அதற்குப் பட்டப்படிப்பு தேவையில்லை. ஒரு முடிவை எடுக்கும் அதிகாரம் எந்தச் சட்டத்தின்படி யாருக்கு இருந்தது, அந்த அதிகாரத்தை நடைமுறையில் யார் செலுத்தினார்கள், அதனால் யார் பயன்பெற்றார்கள், யார் விடுபட்டார்கள் என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது. இந்தப் படிப்பின் உயிர்நாடி என்று நான் கருதுவது அந்தப் பயிற்சியைத்தான். அது எப்படி நடக்கிறது என்பதை ஒரு வழக்கின் மூலம் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சென்னை மாகாணத்தில் மருத்துவம், பொறியியல் கல்லூரி இடங்கள் வகுப்புவாரி அரசாணையின்படி பிரிக்கப்பட்டுவந்தன. 1947இல் திருத்தப்பட்ட முறையின்படி, ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1 என்பது கணக்கு. 1950 ஜனவரி 26 அன்று அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த சில மாதங்களில், மருத்துவக் கல்லூரியில் சேர விரும்பிய பிராமணப் பெண்ணான செண்பகம் துரைராஜன் இந்த ஆணையை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டே ஆணை செல்லாது என்றது; 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

வகுப்பில் நான் உடனே தீர்ப்பைச் சொல்வதில்லை. 1950இல் இருந்த வடிவிலேயே அரசமைப்புச் சட்டத்தின் 15, 16, 29ஆம் பிரிவுகளை ஒரே தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்து, இவற்றுக்குள் என்ன வேறுபாடு என்று கண்டுபிடிக்கச் சொல்வேன். வகுப்பு சிறிது நேரம் திணறும். பிறகு யாராவது ஒருவர், அரசு வேலைவாய்ப்பைப் பற்றிய 16ஆம் பிரிவில் பிற்படுத்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு செய்ய இடமளிக்கும் நான்காவது உட்பிரிவு இருக்கிறது, கல்விச் சேர்க்கையைப் பற்றிய பிரிவுகளில் அப்படி எதுவும் இல்லையே என்று எழுந்து சொல்வார். உச்ச நீதிமன்றத்தின் வாதமும் ஏறக்குறைய அதுவே. அரசமைப்புச் சட்டம் அரசுக்குச் சொல்லும் வழிகாட்டு நெறிமுறைகளில் ஒன்றான, நலிந்த பிரிவினரின் கல்வி நலனைப் பேணுமாறு வலியுறுத்தும் 46ஆம் பிரிவைச் சென்னை அரசு துணைக்கு அழைத்தபோது, வழிகாட்டு நெறிமுறைகள் அடிப்படை உரிமைகளை மீற முடியாது என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. தமிழ்நாட்டில் பெரும் கிளர்ச்சி எழுந்தது. தீர்ப்பு வந்த இரண்டரை மாதத்துக்குள், 1951 ஜூனில், அரசமைப்புச் சட்டத்தின் முதல் திருத்தம் நிறைவேறி, பிற்படுத்தப்பட்டோருக்குச் சிறப்பு ஏற்பாடுகள் செய்ய இடமளிக்கும் நான்காவது உட்பிரிவு 15ஆம் பிரிவில் சேர்ந்தது. இன்று கல்லூரிச் சேர்க்கையில் இடஒதுக்கீட்டுக்கான பட்டியலில் தன் பெயரைத் தேடும் மாணவர், அந்த உட்பிரிவின் பயனாளி.

இதோடு பாடம் முடிவதில்லை. முதல் பொதுத்தேர்தல் 1951-52இல்தான் நடந்தது. திருத்தத்தை நிறைவேற்றியதோ அதற்கு முன்பிருந்த இடைக்கால நாடாளுமன்றம். அனைவரும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்காத ஓர் அவை அடிப்படை உரிமைகளைத் திருத்தியது முறைதானா? அன்றே எழுந்த இந்தக் கேள்விக்கு மாணவர்கள் விடை எழுத வேண்டும். இடஒதுக்கீட்டை ஆதரிப்பவர் நீதிமன்றத்தின் தரப்பையும், எதிர்ப்பவர் சென்னை அரசின் தரப்பையும் எழுத வேண்டும் என்பது என் வகுப்பின் நிபந்தனை. மறுதரப்பைச் சிதைக்காமல், அதன் வலுவான வடிவில் எடுத்துச் சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டில் இது பெரும்பாலோருக்குக் கசக்கும். மூன்றாம் ஆண்டுக்குள் அதைச் செய்யப் பழகிய மாணவரிடம் ஒரு நிதானம் தென்படும். அந்த மாற்றத்தைப் பார்ப்பதற்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எண்களைப் படிக்கவும் இந்தப் பாடம் கற்றுத்தருகிறது. 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் அதிமுக 37ஐ வென்றது. அதற்குக் கிடைத்த வாக்குகள் சுமார் 44 சதவீதம். 23 சதவீதத்துக்கு மேல் வாக்குப் பெற்ற திமுகவுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. அதே தேர்தலில் நாடு முழுவதும் 31 சதவீத வாக்குகளைப் பெற்ற பாஜக 282 இடங்களோடு தனிப்பெரும்பான்மை அடைந்தது; 4 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகப் பெற்று, வாக்கு அளவில் மூன்றாவதாக வந்த பகுஜன் சமாஜ் கட்சி வெறுங்கையோடு திரும்பியது. யாரும் ஏமாற்றியதால் இப்படி நடக்கவில்லை. தொகுதியில் அதிக வாக்குப் பெற்றவரே வென்றவர் என்ற விதியின் இயல்பான விளைவு இது. இந்த முறையைப் பின்பற்றிவந்த நியூசிலாந்து, 1996 தேர்தல் முதல் வாக்கு விகிதத்துக்கு ஏற்ப இடங்கள் அமையும் கலப்பு முறைக்கு மாறியது. நாமும் மாற வேண்டுமா என்பதில் மாணவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் தன் கட்சி வென்ற தேர்தலில் விதி சரி என்றும், தோற்ற தேர்தலில் விதியே தவறு என்றும் பேசுவதற்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவருக்கு நாக்கு எழாது.

சட்டத்துக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தை அறிய நான் எப்போதும் எடுத்துச் சொல்வது மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் வரலாறு. 1992இல் நிறைவேறிய 73ஆவது அரசமைப்புத் திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் உள்ளாட்சித் தலைவர் பதவிகளில் தாழ்த்தப்பட்டோருக்கு இடஒதுக்கீடு அளித்தன. 1996இல் இந்த ஊராட்சிகள் தனித்தொகுதிகள் ஆயின. ஆதிக்கச் சாதியினரின் எதிர்ப்பால் வேட்புமனு தாக்கல் செய்ய ஆள் வராததும், மீறி வென்றவர்கள் பதவி விலக நேர்ந்ததும் பத்து ஆண்டுகள் தொடர்ந்தன. 2006 அக்டோபரில்தான் முறையான தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். அந்தப் பத்து ஆண்டுகளும் சட்டம் மாறாமல் அப்படியே இருந்தது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். அரசியலில் சமத்துவமும், சமூக வாழ்விலும் பொருளாதார வாழ்விலும் சமத்துவமின்மையும் கொண்ட முரண்பட்ட வாழ்க்கைக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அம்பேத்கர் அரசமைப்பு நிர்ணய சபையில் எச்சரித்தார். அந்த உரையைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வது ஒன்று. பாப்பாபட்டியை அறிந்தபின் அதைப் படிப்பது முற்றிலும் வேறு.

பிளேட்டோ, அரிஸ்டாட்டில் தொடங்கி ஹாப்ஸ், லாக், ரூசோ வரை பாடத்திட்டத்தில் வரும் சிந்தனையாளர்களையும் இந்த வழியில்தான் அணுக வேண்டும். இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்ட காலத்தில் எழுதியவர் ஹாப்ஸ் என்பது தெரியாமல், அவர் ஏன் ஒழுங்கை எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தார் என்பது விளங்காது.

எங்கள் மாணவர்களை ஆண்டுதோறும் கிராம சபைக் கூட்டங்களுக்கு அனுப்புகிறோம். பேசுவதற்கு அல்ல, உட்கார்ந்து குறிப்பெடுப்பதற்கு. வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுகிறதா, தீர்மானப் புத்தகத்தில் கூட்டத்துக்கு முன்பே கையெழுத்து வாங்கப்படுகிறதா, நூறு நாள் வேலைக்கான கூலி பாக்கியைப் பற்றிக் கேட்கும் பெண்களுக்கு யார் பதில் சொல்கிறார்கள், தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண் நாற்காலியில் இருக்க அவர் கணவர் எழுந்து விளக்கம் தருகிறாரா என்றெல்லாம் எழுதி வருவார்கள். உள்ளாட்சியில் பெண்களுக்கான ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு 2016இல் 50 சதவீதமாக உயர்த்தியது என்ற ஒரு வரித் தகவலுக்கு அந்தக் குறிப்பேடுகளில்தான் சதையும் ரத்தமும் கிடைக்கின்றன. பிறகு, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு மனு எழுதி, அந்தத் தீர்மானத்தின் நகலைக் கேட்பார்கள். பதில் வர 30 நாட்கள் வரை ஆகலாம். மனுவைத் தெளிவாக எழுதாவிட்டால் பதிலும் தெளிவாக வராது என்பதை அவர்கள் வேறு எங்கும் இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொள்வதில்லை.

வேலைவாய்ப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடிமைப் பணித் தேர்வுகளின் பொது அறிவுத் தாள்களில் அரசமைப்பும் ஆட்சியமைப்பும் பெரும் இடம் பெறுவதால், இந்த மாணவர்களுக்கு அடித்தளம் முன்கூட்டியே அமைந்துவிடுகிறது. ஆனால் அத்தேர்வுகளில் வெல்பவர்கள் விண்ணப்பிப்போரில் மிகச் சிறு பகுதியினரே என்பதைப் பெற்றோர் மறக்கக் கூடாது. மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, இதழியல், ஆசிரியப் பணி, தொண்டு நிறுவனங்களின் களப்பணி என்று பிற வழிகளும் உள்ளன. எந்த வழியாக இருந்தாலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் பிழையின்றி எழுதும் திறனைக் கூடவே வளர்த்துக்கொள்ள வேண்டும். பட்டம் மட்டும் கைகொடுக்காது.

சேர நினைக்கும் மாணவர்களுக்கு ஒரு யோசனை. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன், அங்கே மாணவர்கள் மூலத் தீர்ப்புகளைப் படிக்கிறார்களா, களப்பணி உண்டா, வகுப்பில் விவாதம் நடக்கிறதா என்று அங்கு படிக்கும் மாணவர்களிடமே விசாரியுங்கள். அரசமைப்புச் சட்டம் தமிழிலும் கிடைக்கிறது; அடிப்படை உரிமைகளைப் பற்றிய மூன்றாம் பகுதியை மட்டுமாவது வகுப்பு தொடங்கும் முன் ஒருமுறை படித்துவிடுங்கள். கிராமத்தில் இருப்பவர்கள் ஆகஸ்ட் 15 அன்று உங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போய், ஒரு குறிப்பேட்டுடன் கடைசிவரை உட்கார்ந்திருங்கள்.

நன்றி, வணக்கம்.