‘என் அப்பா மீனவர்’

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

இந்த ஒலிவாங்கியின் முன் அமர்ந்தவுடன் எனக்கு வேறோர் ஒலிவாங்கி நினைவுக்கு வருகிறது. ஓமான் நாட்டின் கிழக்குக் கரையில் சூர் என்றொரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே ஓர் ஆண்கள் பாடசாலையில், 2005 செப்டெம்பர் முதல் ஐந்து கல்வியாண்டுகள் ஆங்கிலம் படிப்பித்தேன். காலை ஏழு மணிக்கே வெயில் சுட ஆரம்பித்துவிடும். முற்றத்தில் பையன்கள் வரிசை வரிசையாக நிற்பார்கள். கணுக்கால் வரை தொங்கும் வெள்ளை அங்கி, தலையில் நூல்வேலை செய்த தொப்பி. அங்கியை திஷ்தாஷா என்பார்கள், தொப்பியை கும்மா என்பார்கள். குர்ஆன் ஓதி, நாட்டுப்பண் பாடி முடிந்ததும் ஒரு பையன் முன்னால் வந்து ஒலிவாங்கியைப் பிடிப்பான். அந்த நிகழ்ச்சிக்கு அரபு மொழியில் ‘இதாஆ மத்ரஸிய்யா’ என்று பெயர். பாடசாலை வானொலி என்று பொருள். அலைவரிசை எதுவும் கிடையாது. முற்றத்தைப் பார்த்தபடி ஓர் ஒலிபெருக்கி, அவ்வளவுதான். வாரத்தில் ஒரு நாள் அதில் ஆங்கிலம் ஒலிக்க வேண்டும். அந்த நாள் என் பொறுப்பு.

நான் ஏன் போனேன் என்று திருகோணமலை நேயர்களுக்கு நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் எங்கள் வீட்டைக் கொண்டுபோனது. திரும்பக் கட்டக் காசு வேண்டியிருந்தது. சம்பளமற்ற விடுமுறை எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

முதல் வாரத்திலேயே பத்தாம் தரப் பையன்களிடம், உங்கள் குடும்பத்தைப் பற்றி எழுதி வாருங்கள் என்று சொன்னேன். இரவு அறையில் கொப்பிகளைத் திருத்த உட்கார்ந்தேன். முதல் கொப்பியில், “மை ஃபாதர் ஃபிஷர்மேன்”. நடுவில் ‘இஸ்’ இல்லை. சிவப்புப் பேனையால் வட்டம் போட்டேன். அடுத்த கொப்பியிலும் அதே வட்டம். ஏழாவது, எட்டாவது கொப்பி வந்தபோது என் கை நின்றுவிட்டது. இந்த வாக்கியத்தை நான் இதற்கு முன்பே திருத்தியிருக்கிறேன். ஒரு முறை இரண்டு முறை அல்ல, திருகோணமலையில் பதினாறு ஆண்டுகளாகத் திருத்தியிருக்கிறேன். கடற்கரைக் கிராமத்துப் பிள்ளை ஒவ்வொன்றும் எழுதித் தந்த வாக்கியம் அது. இந்தப் பையன்கள் தமிழே கேட்டறியாதவர்கள். பிறகு எப்படி அதே பிழை, அதே இடத்தில்?

மறுநாள் காலை ஆசிரியர் அறையில் காவா ஊற்றிக்கொண்டிருந்தார்கள். ஏலக்காய் மணக்கும் கோப்பி அது. கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணத்தில் கொஞ்சமாக ஊற்றுவார்கள். போதுமென்றால் கிண்ணத்தை இலேசாக ஆட்டிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பக்கத்தில் இருந்த துனீசிய ஆசிரியரிடம் கேட்டேன்: என் அப்பா மீனவர் என்பதை அரபில் எப்படிச் சொல்வீர்கள்? அவர் சொன்னார்: “அபீ ஸய்யாத்.” அபீ என்றால் என் அப்பா. ஸய்யாத் என்றால் மீனவர். முடிந்தது. நடுவில் எதுவும் இல்லை.

நம் வாக்கியத்தையும் ஒரு முறை சொல்லிப் பாருங்கள். என் அப்பா மீனவர். இதில் வினைச்சொல் எங்கே? தமிழுக்கு அது தேவைப்படவில்லை. எங்கள் ஊரில் சேர்ந்து வாழும் சிங்களப் பிள்ளையும் “மகே தாத்தா தீவரயெக்” என்றுதான் சொல்லும். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அங்கேயும் வினை கிடையாது. ஆகவே அந்தப் பையன் ‘இஸ்’ என்பதை மறந்துவிட்டான் என்று நான் இத்தனை காலம் எண்ணியது தவறு. மறப்பதற்கு அவன் மொழியில் அப்படி ஒன்று இருந்ததே இல்லை. அவன் தன் தாய்மொழியில் முழுமையான ஒரு வாக்கியத்தை எழுதி, அதற்கு ஆங்கிலச் சொற்களை உடுத்தியிருந்தான். அதைக் கவனக்குறைவு என்று நான் பதினாறு ஆண்டுகளாகத் திட்டியிருக்கிறேன். அதை நினைத்து அன்று காலை என்னால் காவா குடிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து என் வகுப்பு மாறியது. கரும்பலகையில் அரபு வாக்கியத்தை ஒரு பையனைக் கொண்டு எழுதுவிப்பேன். அதன் கீழே நான் தமிழ் வாக்கியத்தை எழுதுவேன். மூன்றாவதாக ஆங்கிலம். “பாருங்கள், உங்கள் மொழிக்கும் என் மொழிக்கும் வேண்டாத ஒரு சொல் இங்கிலாந்துக்காரர்களுக்கு வேண்டியிருக்கிறது” என்பேன். பையன்களின் முதுகு நிமிரும். குறை தங்களிடம் இல்லை, இரண்டு மொழிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது, அவ்வளவுதான் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

ஒலிகளுக்கு வருகிறேன். இதை வானொலியில்தான் சொல்ல முடியும், எழுதிக் காட்ட முடியாது. பேனைக்குரிய ஆங்கிலச் சொல்லையும் ‘பென்’ என்ற ஆண்பெயரையும் தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துகள்தான். வாயால் சொன்னால் வேறு வேறு. முதலாவதில் உதடு திறக்கும்போது காற்று மட்டும் வெடிக்கிறது, இரண்டாவதில் தொண்டையும் சேர்ந்து அதிர்கிறது. அரபு மொழியில் இரண்டாவது ஒலி மட்டுமே உண்டு. ஆகவே சூர் பையன்களுக்குப் பேனையும் அந்த ஆளும் ஒன்றுதான். காரை ‘பார்க்’ செய்கிறேன் என்பான். ஆங்கிலம் மட்டுமே தெரிந்தவரின் காதில் கார் குரைப்பது போல விழும்.

நம் பிள்ளைகளின் நிலை வேறு. ‘பாம்பு’ என்று சொல்லுங்கள். முதல் எழுத்து ஓர் ஒலி, கடைசி எழுத்து மற்றது. ஒரே சொல்லுக்குள் இரண்டும் இருக்கின்றன. நம்மிடம் ஒலி இல்லாமல் இல்லை. எந்த இடத்தில் எது வரும் என்பதை மொழி முடிவுசெய்துவிடுகிறது, இடத்தை மாற்றிச் சொல்லத்தான் நாக்குப் பழகவில்லை. ஒரு நாள் கரும்பலகையில் பாம்பு ஒன்றை வரைந்து, தமிழில் இதற்கு இதுதான் பெயர் என்று சொல்லிக் கொடுத்தேன். முப்பத்துநான்கு பையன்களும் இரண்டு முனையையும் அதிரவைத்துச் சொன்னார்கள். பிறகு ஆளுக்கொரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னேன். முதல் ஒலியில் காகிதம் ஆட வேண்டும், கடைசி ஒலியில் ஆடக் கூடாது. இதில் நானும் ஒன்று கற்றேன். தமிழ்ப் பழக்கத்தில் நான் ‘பாம்பு’ என்று சொன்னபோது காகிதம் அசையவே இல்லை. ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வரும் அந்த ஒலிக்கு நாம் வழக்கமாக விடுவதைவிட அதிகமான மூச்சு வேண்டும். பல இரவுகள் கண்ணாடி முன்னால் காகிதத்தோடு நின்று நான் அதைப் பழகினேன். அந்த ஆண்டு முழுவதும் பாடசாலை நடைவழியில் என்னைக் கண்டால் பையன்கள் “டீச்சர், பாம்பு!” என்று கூப்பிடுவார்கள். நம் ஊரில் டீச்சர் என்றால் பெண்கள், ஆண்கள் சேர். அங்கே எல்லாரும் டீச்சர்தான்.

அவர்களிடம் இயல்பாக இருந்து நம்மிடம் இல்லாதவையும் உண்டு. ‘ஃபிஷ்’ என்பதன் முதல் ஒலி அவர்களுக்குப் பிறப்பிலேயே வாய்த்தது. ‘திங்க்’ என்ற சொல்லில் நாக்கின் நுனி பல்லிடுக்கில் எட்டிப் பார்க்கும் ஒலியும் அப்படியே. நம் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் எவ்வளவு பாடுபடுகிறார்கள் என்பது ஆங்கில ஆசிரியர்களுக்குத் தெரியும்.

எழுத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அவர்கள் வலமிருந்து இடமாக எழுதுகிறவர்கள், ஆகவே ஆங்கிலக் கொப்பியைப் பின்பக்கத்திலிருந்து திறப்பார்கள். அவர்களுடைய ஐந்து என்ற இலக்கம் நம் பூச்சியத்தைப் போல இருக்கும், பூச்சியம் வெறும் புள்ளி. பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு அவர்களுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. அரபில் குறில் உயிர்களைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. அதனால் ‘ஸ்டூடன்ட்’ என்ற சொல்லை ஒரு பையன் ஐந்தே மெய்யெழுத்துகளில் எழுதி முடித்திருந்தான். நம் பிள்ளையோ இல்லாத உயிரையும் சேர்த்து ‘இஸ்கூல்’ என்று சொல்லும். அரபுப் பையன் ‘த’ என்ற ஆங்கிலச் சுட்டுச் சொல்லை எல்லாவற்றுக்கும் முன்னால் வைப்பான், ஏனெனில் அவன் மொழியில் ‘அல்’ அப்படி வருகிறது. தமிழில் அது இல்லாததால் நம் பிள்ளை அதை எங்குமே வைக்காது.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. நம் ஆங்கில ஆசிரியர்களுக்கான பயிற்சியில், பிள்ளையின் தாய்மொழி ஆங்கிலத்தோடு எங்கே ஒட்டுகிறது, எங்கே முரண்படுகிறது என்பதற்கு முழுமையாக ஒரு பாடம் வேண்டும். தமிழ் இலக்கணம் தெரியாத ஒருவர் தமிழ்ப் பிள்ளைக்கு ஆங்கிலம் படிப்பிப்பது, நோயாளியின் கையைத் தொடாமல் மருந்து எழுதுவதற்குச் சமம். இதை நான் யாரையும் நோகடிக்கச் சொல்லவில்லை. நானே பதினாறு ஆண்டுகள் அப்படித்தான் எழுதினேன்.

என் வகுப்புப் பையன்களில் சிலர் அல் அய்ஜாவிலிருந்து வந்தவர்கள். அது கழிமுகத்துக்கு அப்பால் இருக்கும் ஊர். படகில் கடந்து வருவார்கள். 2009 ஆம் ஆண்டு பாலம் திறக்கும் வரை கிண்ணியாவுக்கு நாம் ‘பாதை’ என்ற மிதவையில் ஏறிப் போனதை நினைத்துக்கொள்வேன். கரையில் மரக்கலம் கட்டும் பட்டறைகள் இருந்தன. பையன்களின் தாத்தாமார் அப்படிப்பட்ட கலங்களில் சன்சிபாருக்கும் இந்தியாவுக்கும் போய்வந்தவர்கள். 1951 இல் அங்கே கட்டப்பட்ட ஃபத்ஹுல் கைர் என்ற கலத்தை இன்றும் கரையேற்றிப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

2007 ஜூன் மாதம் கோனு புயல் வந்தது. சூரையும் அது விட்டுவைக்கவில்லை. செப்டெம்பரில் பாடசாலை திறந்தபோது எழுதுவதற்கு நான் தலைப்பு எதுவும் கொடுக்கவில்லை. அல் அய்ஜாப் பையன் ஒருவன் தானாகவே எழுதிக்கொண்டு வந்தான். நாலே வரி. “சீ கம் அவர் ஹவுஸ். வி கோ ஸ்கூல். ஸ்லீப் ஸ்கூல் த்ரீ டே. மை ஃபாதர் போட் நோ.”

அதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் இருந்தது. அவன் விடவில்லை. பாடசாலை வானொலியில் வாசிக்கப் போகிறேன், சரியாக வர வேண்டும் என்றான். இருவரும் இடைவேளையில் உட்கார்ந்தோம். ‘கம்’ என்பதைக் ‘கேம்’ ஆக்கினோம், ‘கோ’ என்பதை ‘வென்ட்’ ஆக்கினோம். கடைசி வரிக்கு வந்தபோது, “மை ஃபாதர் ஹேட் எ போட்” என்று எழுதினேன். என் அப்பாவிடம் ஒரு படகு இருந்தது. அவன் நெடுநேரம் அதைப் பார்த்தான். “படகு போய்விட்டது என்று இதில் எங்கே இருக்கிறது, டீச்சர்?” என்று கேட்டான். ‘ஹேட்’ என்ற சொல்லின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். அவன் அந்தச் சொல்லை மூன்று தடவை வாயசைத்துப் பார்த்தான்.

அந்த வாரம் முற்றத்தில் நின்று வாசித்தான். கடைசி வரிக்கு முன்னால் நான் சொல்லிக் கொடுக்காமலே கொஞ்சம் நிறுத்தினான்.

பிறகு வகுப்பில், எங்கள் கடலுக்கும் இப்படி ஒரு நாள் வந்தது என்று சொன்னேன். பின்வரிசைப் பையன் ஒருவன், “யுவர் ஹவுஸ், டீச்சர்?” என்று கேட்டான். “ஐ ஹேட் எ ஹவுஸ்” என்றேன். யாரும் விளக்கம் கேட்கவில்லை.

2010 இல் திரும்பி வந்தேன். வீடு கட்டினேன். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். சனிக்கிழமை மாலைகளில் எங்கள் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் திண்ணைக்கு வருகிறார்கள். பெரும்பாலும் கடற்றொழில் செய்கிறவர்களின் பிள்ளைகள். ஒரு சின்ன ஒலிபெருக்கி வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை, அன்று காலை கரைக்கு வந்த மீனையும் விலையையும் ஆங்கிலத்தில் அறிவிக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாமார் வேலியோரம் வந்து நின்று கேட்பார்கள். கேட்பதற்கு ஆள் இருந்தால் பிள்ளை தானாகவே வந்து, “இது சரியா, சேர்?” என்று கேட்கும்.

போன சனிக்கிழமை பாரை, சூரை எல்லாம் சொல்லி முடித்த பையன் ஒருவன் அறுக்குளாவில் வந்து நின்றுவிட்டான். “அறுக்குளாவுக்கு ஆங்கிலத்தில் என்ன, சேர்?” நம் நாட்டில் சீர் என்பார்கள், ஓமானில் கிங்ஃபிஷ் என்பார்கள் என்றேன். அங்குள்ள பிள்ளைகள் அதற்கு அரபில் என்ன சொல்வார்கள் என்று கேட்டான். கன்அத் என்றேன். நடுவில் தொண்டை அடைபடுவது போன்ற அந்த ஒலியைப் பிடிக்கப் பன்னிரண்டு பிள்ளைகளும் சேர்ந்து முயன்றார்கள். வேலியோரம் நின்ற ஓர் அம்மாவும் முயன்றார். பிறகு பையன் ஒலிவாங்கியை மறுபடி எடுத்து, மூன்று பெயரையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிவிட்டு விலையைச் சொன்னான்.

வணக்கம்.