டைம வாங்கித் தர்ற காசு

எல்லாருக்கும் வணக்கம். ரிசர்ச் டேன்னு சொல்லி ஹால்ல உக்கார வச்சிருக்காங்க, ஆனா பாதி பேருக்கு வார்டுல இருந்து ஃபோன் வந்துட்டே இருக்கும்னு தெரியும், எடுத்துப் பேசுங்க, நான் கோச்சுக்க மாட்டேன். டாக்டர்களுக்கான ரிசர்ச் ஃபண்டிங், ஃபெல்லோஷிப் பத்திப் பேசணும்னு சொன்னாங்க. இந்தத் தலைப்புக்கு வர்றவங்க ஸ்கீம் பேரெல்லாம் வரிசையா ஸ்லைடுல போட்டுட்டுப் போவாங்க, நீங்களும் ஃபோட்டோ எடுப்பீங்க, அப்புறம் அது கேலரியில கிடக்கும். அதனால நான் ஒரே விஷயத்தச் சுத்தித்தான் பேசப் போறேன். டாக்டருக்கு ரிசர்ச் பண்ண முதல்ல பத்தாதது நேரம், காசெல்லாம் அப்புறம்தான். ஒரு ஸ்கீமப் பாக்கும்போது எத்தன லட்சம்னு பாக்காதீங்க, வாரத்துல உங்களுக்கு எத்தன நாள வாங்கித் தருதுன்னு பாருங்க.

அமெரிக்காவுல இத அம்பது வருஷத்துக்குக் கிட்டவே பேசிட்டு இருக்காங்க. 1979-லயே ஜேம்ஸ் வின்கார்டன்னு ஒரு டாக்டர், பின்னாடி என்ஐஹெச்சுக்கு, அதாவது அமெரிக்க அரசோட மருத்துவ ரிசர்ச் நிறுவனத்துக்கு, டைரக்டரா வந்தவரு, ரிசர்ச் பண்ற டாக்டர்ங்கிறது அழிஞ்சிட்டு வர்ற இனம்னு எழுதுனாரு. இப்ப அந்த என்ஐஹெச்ல ரிசர்ச்சுக்கு வர்ற டாக்டர்களுக்குன்னு கே08, கே23ன்னு ரெண்டு அவார்டு இருக்கு. முக்காவாசி நேரம், அதாவது 75 சதவீதம், ரிசர்ச்சுக்கும் அதுக்கான ட்ரெய்னிங்குக்கும் ஒதுக்கணும்னு கண்டிஷன், ஓபி, வார்டு எல்லாம் மிச்சத்துக்குள்ள முடிச்சுக்கணும். சர்ஜன்னா சில இடத்துல பாதின்னு குறைச்சுக்குறாங்க, தியேட்டர விட்டு முழுசா வந்தா கை போயிரும்ல. யுஎஸ் போற பிளான்ல இருக்கவங்களுக்கு ஒண்ணு சொல்லிடுறேன், இந்த ரெண்டுக்கும் சிட்டிசன்ஷிப்போ கிரீன் கார்டோ வேணும், விசாவுல போய் இறங்குன உடனே கிடைக்காது. இங்கிலாந்துல அரசோட ஹெல்த் ரிசர்ச் நிறுவனம் என்ஐஹெச்ஆர் குடுக்குற அகடமிக் கிளினிக்கல் ஃபெல்லோன்னு ஒரு போஸ்ட், 25 சதவீதம் ரிசர்ச், 75 சதவீதம் ஸ்பெஷாலிட்டி ட்ரெய்னிங். கால்வாசிதான், ஆனா அந்தக் கால்வாசி பேப்பர்ல எழுதி இருக்கு பாருங்க, அதுதான் விஷயம். எழுதி இல்லாத நேரத்த யாரு வேணா எடுத்துக்கலாம், ரோஸ்டர் போடுற சீஃப்தான் முதல்ல எடுப்பாரு.

நம்ம ஊருக்கு வருவோம். மத்திய அரசோட மருத்துவ ரிசர்ச் கவுன்சில் ஐசிஎம்ஆர் வெளி இன்ஸ்டிட்யூஷன்ல இருக்கவங்களுக்குக் குடுக்குற எக்ஸ்ட்ராமூரல் கிராண்ட்டுல ஸ்மால் கிராண்ட்டே 2 கோடி வரைக்கும் போகுது. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா ரெகுலர் போஸ்ட்ல இருக்க உங்களுக்கு அதுல இருந்து சம்பளம் கிடையாது, உங்களுக்குப் பதிலா ஓபி பாக்க ஆள் போடவும் வழி இல்ல. அப்ப டேட்டா யாரு எடுப்பா? ப்ராஜெக்ட் ஸ்டாஃப்தான். அதனால பட்ஜெட்ல கைய வைக்கக் கூடாத இடம் அந்த மேன்பவர் வரிதான். பட்ஜெட் ஜாஸ்தியா தெரியுதுன்னு ஒரு நர்ஸ் போஸ்டையும் ஒரு டேட்டா என்ட்ரி போஸ்டையும் வெட்டிட்டு ஒரு மெஷின உள்ள வச்சிருப்பாங்க பாருங்க, ப்ராஜெக்ட் முடியும்போது அந்த மெஷின் கவர் போட்டு ஓரமா நிக்கும், டேட்டா இருக்காது.

சம்பளத்தோட டைமும் வாங்கித் தர்றதுன்னு இங்க நான் முதல்ல சொல்றது இந்தியா அலையன்ஸ். மத்திய அரசோட பயோடெக்னாலஜி துறை டிபிடியும் இங்கிலாந்து அறக்கட்டளை வெல்கம் ட்ரஸ்ட்டும் சேந்து 2008-ல ஆரம்பிச்சது. 2025 அக்டோபர்ல மூணாவது கட்டத்துக்கு கேபினட் ஓகே சொல்லிருக்கு, மொத்தம் 1,500 கோடி, அதுல 1,000 டிபிடி, 500 வெல்கம். இவ்ளோ நாளா அதுல கிளினிக்கல், பப்ளிக் ஹெல்த்துக்குன்னே தனி ஃபெல்லோஷிப் இருந்திருக்கு, அஞ்சு வருஷம், உங்க சம்பளமும் அதுலயே, வயசு வரம்பும் கிடையாது. குழந்த பொறந்து, டிஎம்ங்கிற சூப்பர் ஸ்பெஷாலிட்டி படிப்ப முடிச்சு, லேட்டா வர்ற பெண் டாக்டர்களுக்கு இந்த வயசு விஷயம் ரொம்பப் பெருசு, ஏன்னா மத்த முக்காவாசி ஸ்கீம்ல விண்ணப்பத்தோட முதல் பக்கத்துலயே பொறந்த தேதி கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிரும். மத்திய அரசோட ஹெல்த் ரிசர்ச் துறை டிஹெச்ஆர்லயும் இடையில பிரேக் எடுத்த பெண்களுக்குன்னு தனி ஃபெல்லோஷிப் இருக்கு, பாருங்க. இன்னும் எம்பிபிஎஸ்ல இருக்கவங்களுக்கு ஐசிஎம்ஆரோட எஸ்டிஎஸ்னு ஸ்டூடன்ட் ரிசர்ச் ஸ்கீம், 1979-ல இருந்து நடக்குது, ரெண்டு மாசம், ஸ்டைபண்டு உண்டு, சின்னதுதான், ஆனா ப்ரொபோசல் எழுதிக் கை பழகும்.

இப்ப மெயின் மேட்டர், கேள்வி. எந்த மெடிக்கல் காலேஜ் லைப்ரரிக்குப் போனாலும் தீசிஸ் ரேக்குல ஒரு டைட்டில் இருக்கும், "எ ஸ்டடி ஆஃப் கிளினிக்கல் ப்ரொஃபைல் அண்ட் அவுட்கம் ஆஃப் ஆர்கனோபாஸ்பரஸ் பாய்சனிங் இன் எ டெர்ஷியரி கேர் ஹாஸ்பிட்டல்". பூச்சி மருந்து விஷம் சாப்பிட்டு வந்தவங்களுக்கு என்ன ஆச்சுங்கிற லிஸ்ட், வருஷம் மட்டும் மாறும். இதுல கேள்வி எங்க இருக்கு? இல்லவே இல்ல. ஆனா அதே வார்டுல நைட் டூட்டி பாத்தவங்களுக்குத் தெரியும், ரெண்டாவது மூணாவது நாள், நல்லா பேசிட்டு இருந்த பேஷண்ட்டுக்கு திடீர்னு மூச்சு திணறும். அதுக்கு முன்னாடியே கழுத்துத் தசை வீக் ஆகியிருக்கும், தலையணையில இருந்து தலையத் தூக்குங்கம்மான்னா தூக்க முடியாது. சரி, இந்த டெஸ்ட்ட ஸ்டாஃப் நர்ஸ் ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவ பண்ணி சார்ட்ல எழுதுனா, அவசர அவசரமா மூச்சுக்கு ட்யூப் போடுறது குறையுமா? இது கேள்வி. ரீஏஜென்ட் வேணாம், மெஷின் வேணாம், ரெண்டு நர்சோட சம்பளமும் உங்க டைமும்தான் வேணும்.

இத லேசா நினைக்காதீங்க. இலங்கையில மைக்கேல் எடில்ஸ்டன்னு ஒரு பிரிட்டிஷ் டாக்டர், வெல்கம் ட்ரஸ்ட் ஃபெல்லோஷிப்ல, அங்க உள்ள டாக்டர்களோட சேந்து இதே மாதிரி விஷம் சாப்பிட்டு வர்றவங்கள வச்சு ஒரு ட்ரையல் பண்ணாரு, பூச்சி மருந்து, மஞ்ச அரளி விதை எல்லாம். ஆக்டிவேட்டட் சார்கோல், அதாவது விஷத்த உறிஞ்சுற கரித்தூள, திரும்பத் திரும்பக் குடுத்தா உயிர் பொழைக்கிறது கூடுமா, அவ்ளோதான் கேள்வி. மூணு ஆஸ்பத்திரி, 4,600-க்கு மேல பேஷண்ட், 2008-ல லான்செட்ங்கிற பெரிய மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு, பதில் என்ன தெரியுமா, வித்தியாசம் இல்ல. இல்லைங்கிற பதிலுக்கே லான்செட்! ஏன்னா வார்டுல எல்லாரும் தினமும் செய்ற ஒண்ண அது கேட்டுச்சு. பாம்புக்கடியும் அப்படித்தான், தாலுகா ஆஸ்பத்திரி கேஸ்னு நம்ம ஓரமா வச்சோம், 2017-ல உலக சுகாதார நிறுவனம் அத கவனிக்கப்படாத நோய்கள் லிஸ்ட்ல சேத்துச்சு, 2019-ல வெல்கம் 8 கோடி பவுண்ட் ஒதுக்குச்சு. பாம்பு என்னமோ அதே பாம்புதான்.

அப்புறம் பேப்பர் வேல. வெளிநாட்டுக் காசுன்னா ஹெல்த் மினிஸ்ட்ரி ஸ்க்ரீனிங் கமிட்டி அப்ரூவல் வேணும், உங்க இன்ஸ்டிட்யூஷனுக்கு வெளிநாட்டுக் காசு வாங்குறதுக்கான எஃப்சிஆர்ஏ அனுமதி இருக்கான்னு ப்ரொபோசல் எழுத உக்கார்றதுக்கு முன்னாடியே அக்கவுன்ட்ஸ் செக்‌ஷன்ல கேளுங்க. எத்திக்ஸ் கமிட்டி, ட்ரையல்னா முதல் பேஷண்ட்ட சேக்குறதுக்கு முன்னாடியே நாட்டோட ட்ரையல் பதிவேடு சிடிஆர்ஐல ரெஜிஸ்ட்ரேஷன், காசு வந்தப்புறம் யூசி, அதாவது செலவுக் கணக்கு சர்டிபிகேட். இந்த யூசி அனுப்பலன்னா அடுத்த தவணை நிக்கும், அந்த நர்சுக்கு சம்பளம் நிக்கும், அவங்க வேற வேல பாத்துட்டுப் போயிருவாங்க. அக்கவுன்ட்ஸ் சூப்பரின்டெண்டன்ட்ட கிராண்ட் வர்றதுக்கு முன்னாடியே போய்ப் பாத்துப் பேசி வச்சுக்கோங்க, சும்மா சொல்லல.

டிபார்ட்மென்ட் ஹெச்ஓடிகளும் முன்வரிசையில இருக்கீங்க, உங்ககிட்டயும் ஒண்ணு கேட்டுக்குறேன். அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் ஒருத்தர் கிராண்ட் வாங்கிட்டா வாரத்துல ஒரு நாள் ஓபி கிடையாதுன்னு சர்க்குலரா போட்டுக் குடுங்க, வாய்ல சொன்னா போதாது. அடுத்த மாசம் ரெண்டு பேர் லீவு போட்டா முதல்ல போறது அந்த நாள்தான். சரி, கேள்வி இருக்கவங்க கேக்கலாம், ப்ரொபோசல் கையில வச்சிருக்கவங்க லஞ்ச்ல வாங்க, முதல் பக்கம் மட்டும் பிரின்ட் எடுத்துட்டு வந்தா போதும்.